வயிற்றுப்போக்கில் பாப்பாவுக்கு கிரியாட்டினின் 0.9: கிட்னி கெட்டுவிட்டதா?

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பதினொரு மாதப் பெண் குழந்தை, எட்டு கிலோ, மூன்று நாளாகத் தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு, கூடவே வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சோடியம் 127, பொட்டாசியம் 2.8, யூரியா 68, கிரியாட்டினின் 0.9. டாக்டர் "கிட்னியும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு" என்றிருக்கிறார். ஆனால் லேப் தாளில் கிரியாட்டினினுக்கு நேராக 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றி நாலாம் நாள் அது 0.3 ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சும்மா பயமுறுத்தினாரா என்பதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. அதற்கு அடியில் வேறு ஒன்று இருப்பதாகப் படுகிறது: உண்மையிலேயே அடி வாங்கியிருந்தால் அது நிரந்தரமா, வீட்டில் நாம் கொடுத்த ஏதாவது அதற்குக் காரணமா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் குழந்தைகள் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சிறுநீரக நிபுணன் இல்லை. உங்கள் பாப்பாவை நான் பார்க்கவில்லை, சிறுநீர்ப் பரிசோதனைத் தாளும் நீங்கள் போடவில்லை. அதனால் பொதுவாக உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்வேன், உங்கள் குழந்தை விஷயத்தில் ஊகமாக இருப்பதை ஊகம் என்றே சொல்வேன்.

முதலில் அந்த 0.9. டாக்டர் சொன்னது சரி, தாளில் இருந்ததுதான் உங்கள் குழந்தைக்குப் பொருந்தாதது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து தினமும் வரும் கழிவு. உடம்பில் எவ்வளவு தசையோ அவ்வளவு கிரியாட்டினின். எழுபது கிலோ ஆளுக்கு 0.9 இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எட்டு கிலோ பாப்பாவுக்குத் தசையே எவ்வளவு? அந்த வயதில் சாதாரணமாக 0.2 முதல் 0.4 வரைதான் இருக்கும். நிறைய லேப்களில் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பெரியவர் அளவைப் போட்டு வைத்திருப்பார்கள், எந்த வயதுக்காரர் ரத்தம் வந்தாலும் அதே கோடுதான் அச்சாகும். உங்கள் பாப்பாவின் சொந்த அளவு 0.3 என்று நாலாம் நாள் தெரிந்துவிட்டது. அப்படியானால் சேர்த்த அன்று அது மூன்று மடங்கு. திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் வரையறையில் ஒன்றரை மடங்கு ஏறினாலே கணக்கில் வரும், மூன்று மடங்கு என்பது அதில் கடைசிப் படி, அதாவது மிகக் கடுமையான படி. குழந்தையின் உயரத்தை 0.413 ஆல் பெருக்கி கிரியாட்டினினால் வகுக்கிற ஒரு எளிய சூத்திரமும் உண்டு. உயரம் 72 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.9-க்கு வடிகட்டும் திறன் 33 வருகிறது, 0.3-க்கு 99. கிரியாட்டினின் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது இந்தச் சூத்திரம் சரியாக உட்காராது, ஒரு வயதுக்குக் கீழே அதைப் போடவே யோசிப்போம். ஆனாலும் 0.9 என்ற சின்ன எண்ணுக்குள் எவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது என்று புரிய இது போதும்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிரியாட்டினின் மெதுவாக நகரும். கிட்னி இன்று மதியம் சுணங்கினால், அது ரத்தத்தில் தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதனால்தான் வார்டில் நாங்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் "பாப்பா ஒண்ணுக்கு போச்சா, எப்போ போச்சு" என்று அம்மாக்களைத் தொணதொணத்துக்கொண்டே இருப்போம்.

சரி, அடி ஏன் விழுந்தது? குழந்தைகளின் உடம்பில் தண்ணீர்க் கணக்கே வேறு. ஏழு கிலோ குழந்தைக்கு செல்களுக்கு வெளியே, அதாவது ரத்தத்திலும் திசுக்களின் இடைவெளியிலும், இருக்கும் நீர் ஏறக்குறைய 1400 மில்லி. சாதாரண நாளிலேயே அதில் 700 மில்லி உள்ளே வந்து வெளியே போகிறது, பாதிக்குப் பாதி. பெரியவருக்கு 14 லிட்டர் இருக்கும், அதில் தினமும் மாறுவது இரண்டு லிட்டர்தான், ஏழில் ஒரு பங்கு. அப்படியென்றால் குடிப்பது நின்று வயிறும் போக ஆரம்பித்தால் குழந்தை எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எட்டு கிலோவில் பத்து சதவீதம் என்பது 800 மில்லி. ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை, ஆனால் அந்த அளவு போய்விட்டால் குழந்தை ஷாக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதோடு, முதல் வருடத்தில் குழந்தையின் கிட்னி சிறுநீரைப் பெரியவர் அளவுக்குக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கவும் முழுசாகக் கற்றிருக்காது.

ரத்த ஓட்டம் குறைந்ததும் உடம்பு முதலில் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றும், கிட்னி கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கிட்னியின் வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் ரத்தம் வரும் வழியில் ஒரு குழாய், போகும் வழியில் ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரத்து குறைந்தால் வரும் குழாயை அகலமாகத் திறந்து, போகும் குழாயை இறுக்கி, உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றப் பார்க்கும். ஓரளவு வரை சமாளிக்கும், அதற்கு மேல் முடியாது, வடிகட்டல் குறையும், யூரியாவும் கிரியாட்டினினும் ரத்தத்தில் தேங்கும். இந்த நிலையில் கிட்னியின் சதையில் எந்தக் கோளாறும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வராமல் வாடி நிற்கிற பயிர் மாதிரி. தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். வற்றல் நீண்டு போனாலோ ரத்த அழுத்தம் விழுந்துவிட்டாலோதான் கிட்னியின் நுண்குழாய்கள் நிஜமாகவே சேதமாகும், அது தேற வாரக்கணக்கில் ஆகலாம்.

உங்கள் பாப்பாவுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். உறுதியான ஆதாரம், திரவம் ஏறிய நாலு நாளில் 0.3-க்கு இறங்கியது. யூரியா 68, கிரியாட்டினினைவிட எழுபத்தைந்து மடங்கு, அதுவும் வற்றலைத்தான் காட்டுகிறது. ஆனால் இந்த விகிதத்தை நான் பெரிதாக நம்புவதில்லை, காய்ச்சலிலும் பட்டினியிலும் யூரியா தனியாகவே ஏறும். சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று பார்த்திருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். பல ஊர் ஆஸ்பத்திரிகளில் அதைப் பார்ப்பதில்லை, பார்க்காததால் உங்கள் குழந்தைக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போது சோடியம். இங்கேதான் நீங்கள் கொடுத்த பட்டியலுக்கு வருகிறேன்: கொதித்து ஆறிய தண்ணீர், உப்பில்லாத அரிசிக் கஞ்சித் தண்ணீர், கடையில் வாங்கிய குளுக்கோஸ் பொடி கலந்த தண்ணீர். மனசு சங்கடப்பட வேண்டாம், முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் என்ன ஆனது என்று தெரிந்துகொள்வது நல்லது. வைரஸால் வரும் சாதாரண பேதியில் மலத்தோடு போகும் சோடியம், காலராவில் போகிற அளவுக்கு இல்லை. போவதில் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். அப்படிப் பார்த்தால் ரத்தத்தில் சோடியம் ஏற வேண்டும், ஏன் இறங்கியது? போனதை நாம் வெறும் தண்ணீரால் நிரப்பினோம், அதே நேரத்தில் வற்றலைப் பார்த்துப் பயந்த மூளை, தண்ணீரை வெளியே விடாதே என்று ஒரு ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருந்தது. உள்ளே போன தண்ணீர் தங்கிவிட்டது, உப்பு வரவில்லை, ரத்தம் நீர்த்துவிட்டது. 127 என்பது குழந்தையைச் சோர்வாக்கும். 125-க்குக் கீழே, அதுவும் வேகமாக இறங்கினால், மூளை வீங்கி பிட்ஸ் வரலாம். பேதியில் பிட்ஸ் வந்த எல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல் வலிப்பு என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்று ஜூனியர்களிடம் நான் கத்துவது இதற்காகத்தான். சர்க்கரையும் சோடியமும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்எதிரான விபத்தும் உண்டு, அது இன்னும் மோசம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு அளவில் வருகிறது. ஒன்று ஒரு லிட்டர் தண்ணீருக்கு, இன்னொன்று ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு. லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் கலக்கினால் சோடியம் 75-க்குப் பதிலாக 375 ஆகிவிடும், கடல் தண்ணீருக்குப் பக்கத்தில். ஒரு பாட்டி அன்பாக அப்படிக் கலக்கி, சங்கு சங்காக ஊற்றிவிட்டு ராத்திரி எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை வீறிட்டு அழுதது, தொட்டாலே துள்ளியது, ஆனால் தோலைக் கிள்ளிப் பார்த்தால் வற்றல் பெரிதாகத் தெரியவில்லை, பிசைந்த மாவு மாதிரி இருந்தது. சோடியம் அதிகமான குழந்தையின் வில்லங்கம் இதுதான்: பார்வைக்கு வற்றல் குறைவாகத் தெரியும், உள்ளே மூளை செல்கள் சுருங்கியிருக்கும். அதை வேகமாகச் சரிசெய்தால் மூளை வீங்கும், ஆகவே 24 மணி நேரத்தில் 10, 12-க்கு மேல் இறக்காமல் பொறுமையாகப் போவோம். எவ்வளவு வேகம் சரி என்பதில் இப்போதும் டாக்டர்களுக்குள் வாதம் நடக்கிறது, நான் பழகிய வழியைச் சொல்கிறேன். பாக்கெட்டில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் எடுத்துக் கலக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

டெட்ரா பாக்கெட்டில் ஆரஞ்சு, ஆப்பிள் ருசியில் வந்த "ஓ.ஆர்.எஸ்." பானங்களைக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சர்க்கரை ஏராளம், உப்பு சொற்பம். அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும். அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. அதற்குள் எத்தனை வீட்டில் வாங்கியிருப்பார்கள், போகட்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. நடுவில் கொஞ்சம் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக முடியாது. குழந்தை சிறுநீரே போகவில்லை என்றால் இளநீர் வேண்டவே வேண்டாம்.

பொட்டாசியம் 2.8 ஏன் என்றால், இரண்டு வழியாகவும் போகிறது. மலத்தில் நேரடியாகப் போகும். அது போதாதென்று, வற்றிய உடம்பு சோடியத்தைப் பிடித்து வைக்கச் சுரக்கும் ஹார்மோன், அதற்கு விலையாகச் சிறுநீரில் பொட்டாசியத்தை விட்டுவிடும். பொட்டாசியம் குறைந்தால் குடல் அசையாமல் வயிறு பானை மாதிரி உப்பும், கழுத்து நிற்காமல் தொங்கும். வயிறு உப்பிய குழந்தைக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். சேர்த்த உடனே ஏன் பொட்டாசியம் ஏற்றவில்லை, நர்ஸ் ஏன் "ஒண்ணுக்கு போகட்டும்" என்றார் என்று கோபமாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரிதான். கிட்னி வேலை செய்யாதபோது நரம்பில் பொட்டாசியம் ஏற்றினால் அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். சிறுநீர் வந்த பிறகுதான் அதை டிரிப்ஸில் கலப்போம், அதுவும் மெதுவாக.

நெஞ்சு ஏறி இறங்க வேகமாக மூச்சு வாங்கினாள், எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் என்ற உப்பு மலத்தோடு போனால் அமிலம் கூடும், கிட்னியும் சுணங்கியிருந்தால் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் இன்னும் கூடும், நுரையீரல் அதை ஈடுகட்ட ஆழமாக மூச்சு விடும். நிமோனியா என்று நினைக்க வைக்கும். உங்கள் பாப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் ரத்த வாயு ரிப்போர்ட் இல்லாமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் செய்ததில் நான் உண்மையிலேயே கவலைப்படும் ஒன்று இருந்தால் அது கஞ்சியோ தண்ணீரோ இல்லை, அந்தக் காய்ச்சல் சிரப். மெஃபனமிக் ஆசிட் என்று போட்டிருந்தது என்றீர்கள். மேலே சொன்ன இரண்டு குழாய் நினைவிருக்கிறதா? வரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மெஃபனமிக் ஆசிட்டும் இபுபுரோஃபெனும் அதைச் சுரக்கவிடாமல் செய்யும். நன்றாகத் தண்ணீர் குடிக்கும் குழந்தைக்கு ஒரு வேளை கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வற்றிக் கிடக்கும் குழந்தையின் கிட்னிக்கு இருந்த ஒரே சமாளிப்பையும் அது பிடுங்கிவிடும். நீங்கள் இரண்டு நாளில் ஐந்து வேளை கொடுத்திருக்கிறீர்கள். 0.9-க்கு அதுவும் ஒரு பங்கு காரணமா? இருக்கலாம், நிரூபிக்க வழியில்லை. இனிமேல் வாந்தி பேதியோடு காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். அதே போல பக்கத்துத் தெருவில் பேதிக்கு ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம். அமிகாசின், ஜென்டாமைசின் மாதிரி மருந்துகள் வற்றிய கிட்னியை நேரடியாகக் காயப்படுத்தும், தண்ணீர்ப் பேதியில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. பேதியை நிறுத்தும் லோபரமைடு குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

அடுத்த தடவை என்ன செய்வது என்றால், முதல் தண்ணீர் மலத்திலேயே ஓ.ஆர்.எஸ். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி. வற்றல் ஆரம்பித்துவிட்டால் கிலோவுக்கு 75 மில்லி கணக்கில் நாலு மணி நேரத்தில், உங்கள் பாப்பாவுக்கு 600 மில்லி, அதை ஆஸ்பத்திரியில் கண்ணெதிரே வைத்துக் கொடுப்பதே நல்லது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். இந்த "ஒரு ஸ்பூன்" வைத்தியத்தை அலட்சியமாகப் பார்ப்பவர்களுக்கு 1971-ஐச் சொல்வேன். வங்கதேசப் போர் நேரத்தில் மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா, டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் டிரம்மில் கரைத்து, சொந்தக்காரர்கள் கையாலேயே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நாலு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும், அந்தக் கதவு பேதியிலும் திறந்தே இருக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். உப்பில்லாத குளுக்கோஸ் தண்ணீர் ஏன் போதாது என்பதும் இதிலேயே இருக்கிறது. பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் கஞ்சியில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி, போட்டுக் கொடுத்தாலே பாதி ஆபத்து குறையும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம் ஜிங்க், பேதி நின்றாலும் 14 நாள்.

சிறுநீரைக் கவனிப்பது எப்படி என்று உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி, பெண் குழந்தைக்கு டயபரில் தண்ணீர் மலமும் சிறுநீரும் பிரித்துத் தெரியாது. முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு வைத்துப் பாருங்கள், அல்லது பேதி நாட்களில் மட்டும் பழைய வேட்டித் துணிக்குத் திரும்புங்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் இருந்தால் கிட்னி சிக்கலில் இருக்கிறது என்பது கணக்கு. எட்டு கிலோவுக்கு அது 24 மில்லி, இருமல் மருந்தின் பத்து மில்லி மூடியில் இரண்டரை மூடிகூட வராது. ஆக ஆறு மணி நேரமாக முன்பக்கம் ஈரமே இல்லை என்றால் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும். கண் குழிவது, உச்சிக்குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, எழுப்ப முடியாத தூக்கம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, இவற்றுக்கும் அதேதான்.

மலத்தில் ரத்தம் இருந்தால் கதை வேறு. சில வகை ஈ.கோலை, ஷிகெல்லா கிருமிகளின் நச்சு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, தட்டணுக்களைக் குறைத்து, கிட்னியின் சின்ன ரத்தக் குழாய்களையே அடைத்துவிடும். 1970களில் வேலூரில் சீதபேதிக்குப் பிறகு இப்படி ஆன குழந்தைகளைப் பற்றி டாக்டர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பேதி குறைகிற நேரத்தில் குழந்தை வெளுத்துப்போய், முகம் ஊதி, சிறுநீர் குறைந்தால் அதுவாக இருக்கலாம், அதற்கு டயாலிசிஸ்கூட வேண்டியிருக்கும். உங்கள் பாப்பாவுக்கு ரத்தம் போகவில்லை, தட்டணுக்களும் சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

அப்புறம் ஆயுசுக் கேள்வி. டயாலிசிஸ் வரை போன குழந்தைகளுக்கும், இப்போது சொன்ன ரத்தபேதி வகையில் மாட்டியவர்களுக்கும் பின்னால் ரத்த அழுத்தமோ கிட்னிக் கோளாறோ வரும் வாய்ப்பு கூடுதல், அதனால் அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்ப்போம். திரவம் கொடுத்து நாலே நாளில் பழைய நிலைக்கு வந்த குழந்தையை யாரும் கிட்னி பேஷன்ட் என்று சொல்ல மாட்டார்கள். உணவில் எதையும் நிறுத்த வேண்டாம், தனி மருந்து வேண்டாம். ஆனால் மூன்று மடங்கு ஏறியது என்பதால் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள், முடிந்தால் அதே லேபில். பழைய முறையில் பார்க்கும் லேப்களில் குழந்தைகளின் கிரியாட்டினின் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். வேறு லேபில் 0.4 வந்தால் அதைப் பார்த்து ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த 0.3 வந்த தாளைத் தடுப்பூசி அட்டைக்குள்ளேயே செருகி வையுங்கள், ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் விழுந்திருக்கிறதா என்று அந்த அட்டையிலேயே பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு வேறு எந்த ஊரில், எந்த டாக்டர் அவள் ரத்தத்தைப் பார்த்தாலும், அச்சடித்த 0.6-க்குப் பதிலாக அந்தத் தாளைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.